நாயனம் வராத மேளம்

போன அக்டோபர்ல ஒரு சனிக்கிழமை மத்தியானம். அமெரிக்காவுல பிரின்ஸ்டன்ல டுலேன் தெருவுல இருக்கே ரெக்கார்ட் எக்ஸ்சேஞ்ச், அந்தக் கடையில கீழ்த்தட்டுப் பெட்டிக்கு முன்னாடி முட்டி போட்டு உக்காந்திருந்தேன். மேல இருக்கறதெல்லாம் சுத்தமான ரெக்கார்ட், விலையும் அதுக்கேத்த மாதிரி இருக்கும். கீழ இருக்கறது கவர் கிழிஞ்சது, கீறல் விழுந்தது, யாரும் தேடாதது. எனக்கு எப்பவும் கீழ்த்தட்டுதான் பிடிக்கும், அங்க ஒரு வரிசையும் கிடையாது, கிறிஸ்மஸ் பாட்டுக்கு அடுத்து ஜாஸ், ஜாஸுக்கு அடுத்து யாரோ ஒரு பாதிரியாரோட பிரசங்கம், விரலால ஒண்ணொண்ணா தள்ளிக்கிட்டே போகணும், அரைமணி நேரத்துல விரல் நுனியெல்லாம் கறுப்பாயிடும்.

அப்படித் தள்ளும்போது நாலு முகம் வந்துச்சு. நாலு முகத்து மேலயும் சிவப்புக் கலர் அப்பியிருக்கு, மூக்கு எது கண்ணு எதுன்னு தெரியாத அளவுக்கு. டாக்கிங் ஹெட்ஸ்ங்கற அமெரிக்க ராக் பேண்டோட 'ரிமெய்ன் இன் லைட்' ஆல்பம், 1980. பேருல வர்ற ஆங்கில 'ஏ' எழுத்தெல்லாம் தலைகீழா நிக்கும். கவரோட அடி ஓரம் ஒரு சாண் நீளத்துக்கு பிஞ்சுபோய் அதை யாரோ பழைய செலோடேப் போட்டு ஒட்டியிருந்தாங்க, டேப்பும் மஞ்சளாகி மொறுமொறுன்னு ஆயிருந்துச்சு. உள் கவர் மூலையில நீலப் பேனாவுல ஒரு தேதி மட்டும், 1980 டிசம்பர் 25. பேர் இல்ல. யாரோ யாருக்கோ கிறிஸ்மஸுக்கு வாங்கிக் குடுத்திருக்காங்க, அந்த ஆல்பம் வந்து ரெண்டரை மாசம்தான் ஆகியிருந்த நேரம். விலை 6 டாலர்.

இந்த பேண்டோட ஒரே ஒரு பாட்டுதான் எனக்குத் தெரியும், 'ஒன்ஸ் இன் எ லைஃப்டைம்'. பாட்டு கேக்கற ஆப்ல எந்த எண்பதுகள் லிஸ்ட் போட்டாலும் அது வந்துடும். இங்க வந்து 16 வருஷத்துல நூறு தடவை காதுல விழுந்திருக்கும், கார் ஓட்டும்போது, சமைக்கும்போது. நல்ல பாட்டுன்னு நினைச்சுட்டு அடுத்த பாட்டுக்குப் போயிடுவேன். அது ஒரு ஆல்பத்தோட ரெண்டாவது பக்கத்துல முதல் பாட்டு, அதுக்கு முன்னாடி ஒரு முழுப் பக்கம் இருக்குன்னு நான் யோசிச்சதே இல்ல. பக்கம்ங்கற விஷயமே ஆப்ல கிடையாதே.

இங்க எங்க மாமாவைப் பத்தி சொல்லிடணும். எங்கம்மாவோட தம்பி. திருமங்கலம் பக்கத்துல மைக் செட்டு வச்சிருந்தாரு. கல்யாணம், காதுகுத்து, சடங்கு, கோயில் கொடைன்னு எங்க கூப்பிட்டாலும் ரெண்டு கொழா, ஒரு அஹுஜா ஆம்ப்ளிஃபயர், ஒரு ரெக்கார்ட் பிளேயர், ஒரு தகரப் பெட்டி நிறைய பிளேட்டு, ரெக்கார்டை ஊர்ல அப்படித்தான் சொல்வோம். எனக்கு ஏழெட்டு வயசு இருக்கும்போது லீவு விட்டா அவர்கூட சைக்கிள் பின்னாடி கேரியர்ல உக்காந்து போவேன், மடியில அந்தத் தகரப் பெட்டி. பிளேட்டை எப்படிப் பிடிக்கணும்னு அவர்தான் சொல்லிக் குடுத்தாரு. ஓரத்தையும் நடு ஓட்டையையும் மட்டும்தான் தொடணும், முள்ளு ஓடற வரியில விரல் படக்கூடாது. முள்ளை இறக்கும்போது மூச்சைப் பிடிச்சுக்கோ மாப்ளம்பாரு. ஏன்னு அப்ப தெரியாது, கை ஆடாம இருக்கத்தான்னு பின்னாடி புரிஞ்சுச்சு. இப்பவும் முள்ளை இறக்கும்போது மூச்சை நிறுத்திடறேன். அப்புறம் கேசட் வந்துச்சு, அப்புறம் சிடி, அப்புறம் பென் டிரைவ், மாமா தொழிலை விட்டுட்டு பருத்திக் கமிஷன் கடையில கணக்கு எழுதப் போயிட்டாரு. ஆனா அந்த பிளேயரையும் ஒரு ஸ்பீக்கர் பாக்ஸையும் மட்டும் விக்கல.

பிளெய்ன்ஸ்பரோல எங்க வீட்டுல ரெண்டு வருஷமா ஒரு பழைய பெல்ட் டிரைவ் டேர்ன்டேபிள் இருக்கு. அன்னைக்கு ராத்திரி பாத்திரம் கழுவி முடிச்சு எல்லாரும் தூங்கப் போனதுக்கப்புறம் ரெக்கார்டை எடுத்து வச்சேன். டிஸ்டில்டு வாட்டர்ல கொஞ்சம் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், மெல்லிசான மைக்ரோஃபைபர் துணி, வரி ஓடற திசையிலேயே சுத்திச் சுத்தித் துடைக்கணும், குறுக்கால துடைச்சா அழுக்கு வரிக்குள்ள போய் உக்காந்துக்கும். முதல் துணி சாம்பக் கலர்ல வந்துச்சு, ரெண்டாவது துணி கொஞ்சம் வெளுப்பு, மூணாவது சுத்தம். லேபிளுக்குப் பக்கத்துல பாட்டு இல்லாத வெத்து இடத்துல கையால கீறின மாதிரி நம்பர் இருக்கும், லைட்டுல சாய்ச்சாத்தான் தெரியும். லேபிள்ல சயர் கம்பெனி பேரு, எஸ்ஆர்கே 6095ன்னு எண்.

முள்ளை இறக்கினேன். படபடன்னு கொஞ்ச நேரம் எண்ணெயில கடுகு வெடிக்கற மாதிரி சத்தம். அப்புறம் முதல் பாட்டு, 'பார்ன் அண்டர் பஞ்சஸ்'.

நான் எதிர்பார்த்தது ஒரு ராக் பேண்ட். வந்தது ஒரு கூட்டம். ஒரு பேஸ் கிட்டார் நாலஞ்சு சுரத்துக்குள்ளயே துள்ளித் துள்ளி நிக்குது, அதுக்கு மேல ஒரு கிட்டார் கிள்ளுற மாதிரி ஒரே ஒரு சின்ன துண்டை வாசிச்சுக்கிட்டே இருக்கு, இன்னொரு கிட்டார் அதோட இடைவெளியில மட்டும் வந்து போகுது, டிரம்ஸ், காங்காங்கற கை மேளம், ஏதேதோ கீபோர்ட், பின்னால குரல்கள். ஒவ்வொண்ணையும் தனியா எடுத்துப் பாத்தா ஒண்ணுமே இல்ல, ஒரு சின்னப் பையன்கூட வாசிச்சுடுவான். எல்லாம் சேர்ந்து ஓடும்போது என்னால உக்கார முடியல. ஹால்ல இருட்டுல நின்னுக்கிட்டு இருந்தேன். பாட்டு எங்கயும் மாறவே இல்ல, அதே கார்ட், அதே இடம், ஆறு நிமிஷம் கிட்ட. பாதியில ஒரு மெஷின் கெட்டுப்போய் கத்துற மாதிரி ஒரு கிட்டார் சோலோ, அது பேண்டுக்கு வெளிய இருந்து வந்த கிட்டார்காரர் ஏட்ரியன் பெலூ வாசிச்சது. மூணு பாட்டு முடிஞ்சு முள்ளு நடுவுக்கு வந்து டக் டக்னு அடிக்கும்போதுதான் பக்கம் முடிஞ்சுடுச்சுன்னு தெரிஞ்சுச்சு. 17 நிமிஷம். அந்த ராத்திரி ரெண்டாவது பக்கத்துக்கே போகல, முதல் பக்கத்தையே திரும்பத் திரும்ப நாலு தடவை போட்டேன்.

மறுநாள் காலையில இருந்து இவங்க யாரு, இதை எப்படிச் செஞ்சாங்கன்னு படிக்க ஆரம்பிச்சேன். டேவிட் பைர்ன், கிறிஸ் ஃபிரான்ட்ஸ், டீனா வேமவுத் மூணு பேரும் ரோட் ஐலண்ட் டிசைன் காலேஜ்ல பழக்கமானவங்க. நியூயார்க்குக்கு வந்து 1975 ஜூன்ல பௌரி தெருவுல சிபிஜிபி-ங்கற கிளப்ல ரமோன்ஸ் பேண்டுக்கு முன்னாடி வாசிக்கற ஆளுங்களா மேடை ஏறினாங்க. பைர்ன் பாட்டும் கிட்டாரும், ஃபிரான்ட்ஸ் டிரம்ஸ், டீனா பேஸ். ஃபிரான்ட்ஸும் டீனாவும் 1977-ல கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க. ஜெர்ரி ஹாரிசன் கொஞ்சம் பின்னாடி வந்து சேர்ந்தவரு. இவங்க வாசிச்ச மாதிரி இசைக்கு 'நியூ வேவ்'னு ஒரு பேரு உண்டு. அந்தப் பேரை அமெரிக்காவுல பரப்பினதுல இவங்களை வெளியிட்ட சயர் கம்பெனி முதலாளி சீமோர் ஸ்டைனுக்குப் பெரிய பங்கு இருக்கு. பங்க்னு, அதாவது முரட்டு ராக்னு, சொன்னா ரேடியோக்காரங்களும் கடைக்காரங்களும் பயந்து ஒதுங்கினாங்க, அதனால அந்த வார்த்தையை விட்டுட்டு நியூ வேவ்னு சொல்லுங்கன்னு 1977-ல அவர் ஒரு பிரச்சாரமே நடத்தினாரு. வியாபாரத்துக்காக வச்ச பேரு, ஆனா அந்தப் பேருக்குள்ள எவ்வளவோ நல்ல இசை வந்து உக்காந்துடுச்சு.

1980-ல இவங்க நாலாவது ஆல்பத்துக்கு உக்காரும்போது பேண்டுக்குள்ள நிலைமை சரியில்ல. பைர்ன் பாடுறவரு, பின்னால மூணு பேரு வாசிக்கறாங்கங்கற பேச்சு எல்லாருக்கும் சலிச்சுப்போயிருந்துச்சு. பஹாமாஸ் தீவுல நாசோங்கற ஊர்ல காம்பஸ் பாய்ன்ட்னு ஒரு ஸ்டூடியோ, ஐலண்ட் ரெக்கார்ட்ஸ் கம்பெனிக்காரர் கிறிஸ் பிளாக்வெல் கட்டினது, அங்க போனாங்க. கூட புரொடியூசர் பிரையன் ஈனோ. பாட்டு எதுவும் எழுதிட்டுப் போகல. வரியும் கிடையாது, மெட்டும் கிடையாது. ஒருத்தர் ஒரு சின்ன துண்டை வாசிப்பாரு, அதையே நிறுத்தாம நிமிஷக்கணக்கா வாசிக்கணும், மெஷின் மாதிரி. அதை டேப்ல பிடிச்சு, அதுக்கு மேல அடுத்தவரு, அதுக்கு மேல அடுத்தவரு. யாரு என்ன கருவின்னும் கட்டுப்பாடு இல்ல, டிரம்ஸ்காரர் கீபோர்டைத் தட்டலாம், பாடுறவரு பேஸ் வாசிக்கலாம். அப்புறம் மிக்ஸிங் டேபிள்ல உக்காந்து, இந்த இடத்துல இது இருக்கட்டும், அதை மூடு, இப்ப அதைத் திற, இதை மூடுன்னு திறந்து மூடித்தான் பாட்டோட உருவத்தையே செஞ்சாங்க. இன்னைக்கு லேப்டாப்ல ஒரு துண்டை காப்பி பண்ணி ஓட்டறோமே, அதை மனுஷங்க கையாலயே செஞ்சிருக்காங்க. அதனாலதான் அது காப்பி மாதிரி கேக்கல, ஒவ்வொரு சுத்துலயும் ஒரு மயிரிழை முன்ன பின்ன இருக்கு, அந்த மயிரிழைதான் நம்ம காலை ஆட வைக்குது.

இதுக்கு வேர் எங்கன்னு அவங்க மறைக்கல. நைஜீரியாவோட இசைக்காரர் ஃபெலா குட்டி, குறிப்பா 1973-ல வந்த அவரோட 'ஆஃப்ரோடிசியாக்' ஆல்பம். ஜான் மில்லர் செர்னாஃப்னு ஒருத்தர் கானாவுல தங்கி மேளம் கத்துக்கிட்டு எழுதின புத்தகத்தை பைர்ன் படிச்சிருந்தாரு, ஆல்பம் வந்தப்ப பத்திரிகைக்காரங்களுக்கு அனுப்பின குறிப்போட அந்தப் புத்தகம் உள்பட ஒரு பட்டியலையே சேர்த்து அனுப்பினாங்க. எடுத்துக்கிட்ட இடத்தைச் சொல்லிட்டு எடுத்தாங்கங்கறது எனக்கு முக்கியமா படுது.

'ஒன்ஸ் இன் எ லைஃப்டைம்' பத்தி ஒரு விஷயம் படிச்சதுக்கப்புறம் அந்தப் பாட்டை நான் கேக்கற விதமே மாறிடுச்சு. அந்தத் தாளத்துக்கு முதல் அடி எங்க விழுதுங்கறதுல ஈனோ கேட்டது ஒரு இடம், பேண்ட் கேட்டது இன்னொரு இடம். நம்ம ஊர் பாஷையில சொன்னா எடுப்பு மாறிப்போச்சு. அதைத் திருத்தாம ரெண்டையும் அப்படியே விட்டுட்டாங்க. சிலது ஒரு கணக்குல நிக்கும், சிலது இன்னொரு கணக்குல நிக்கும். நூறு தடவை கேட்டும் அந்தப் பாட்டுல ஏன் தரை லேசா ஆடுற மாதிரி இருக்குன்னு எனக்குத் தெரியாமலே இருந்துச்சு, இப்ப தெரியுது. அதுக்கு மேல பைர்ன் பாடுறது அமெரிக்க ரேடியோவுல வர்ற பிரசங்கிகளோட தொனி. அவருக்கு அந்த நேரத்துல எழுத வரல, ரேடியோவுல பிரசங்கங்களைக் கேட்டுக் கேட்டு அந்த ஏத்த இறக்கத்துல இருந்துதான் வரியைப் பிடிச்சாரு. கீழ்த்தட்டுப் பெட்டியில இந்த ரெக்கார்டுக்கு ரெண்டு மூணு தள்ளி ஒரு பாதிரியார் பிரசங்கம் கிடந்துச்சே, அதை நினைச்சுக்கிட்டேன்.

அடுத்த சனிக்கிழமை ராத்திரி ஒன்பதரைக்கு மாமாவுக்கு வீடியோ கால் போட்டேன், அங்க ஞாயித்துக்கிழமை காலையில ஏழு மணி. திண்ணையில டீ டம்ளரோட உக்காந்திருந்தாரு.

"மாமா, ஒரு பிளேட்டு வாங்கியிருக்கேன், பாக்கறீங்களா?"

"காட்டு மாப்ள."

கவரைக் காட்டினேன், அதைப் பாக்கவே இல்ல. "அட்டையை யாரு கேட்டா, பிளேட்டைக் காட்டு. லைட்டுக்கு நேரா பிடி. சாய்ச்சுப் பிடி. இன்னும் கொஞ்சம்." ஃபோனை ஒரு கையிலயும் ரெக்கார்டை ஒரு கையிலயும் வச்சுக்கிட்டு டேபிள் லைட்டுக்குக் கீழ சாய்ச்சேன். "இப்ப திருப்பு. சரி, நடு ஓட்டையைச் சுத்திக் காட்டு."

ஓட்டையா? லேபிள்ல ஓட்டையைச் சுத்தி மயிர் மாதிரி மெல்லிசா வெள்ளைக் கோடுகள் இருந்துச்சு, நான் இத்தனை நாள் அதைக் கவனிச்சதே இல்ல. பிளேட்டை பிளேயர்ல வைக்கும்போது நடுக்கம்பி ஓட்டையில சரியா விழாம லேபிள்மேல உரசும், அந்த உரசல்தான் அது. ஒவ்வொரு தடவை வைக்கும்போதும் ஒரு கோடு. முதல் பக்கத்துல சிலந்தி வலை பின்னின மாதிரி கோடு. ரெண்டாவது பக்கத்துல எண்ணிடலாம், ஏழெட்டுதான் இருக்கும்.

"வச்சிருந்தவன் ஒரு பக்கம்தான் போட்டிருக்கான் மாப்ள," அப்படின்னாரு. "இந்தப் பக்கம் வரியும் மங்கிப்போய் இருக்கு பாரு, அந்தப் பக்கம் இன்னும் கண்ணாடி மாதிரி மின்னுது. இந்தப் பக்கம் எத்தனை பாட்டு?"

"மூணு."

"அந்தப் பக்கம்?"

"அஞ்சு."

"அதான். பாட்டு கம்மியா இருந்தா வரி அகலமா வெட்டுவான், சத்தம் நல்லா எடுக்கும். அஞ்சு பாட்டை நெருக்கி வச்சா சத்தத்தைக் குறைச்சுத்தான் வெட்டணும்."

மாமாவுக்கு இங்கிலீஷ் பாட்டு ஒண்ணுகூட தெரியாது. அவர் சொன்னது அச்சு அசல் உண்மை. ஒரு பக்கம் 17 நிமிஷம், இன்னொரு பக்கம் கிட்டத்தட்ட 23. பேஸ் சத்தத்துக்கு வரி அகலமா ஆடணும், அதுக்கு இடம் வேணும், இடம் இல்லன்னா ஒட்டுமொத்த சத்தத்தையும் குறைக்கணும். அந்த 1980 கிறிஸ்மஸ் பரிசை வாங்கினவங்க யாரா இருந்தாலும், டான்ஸ் ஆடத்தான் வாங்கியிருக்காங்க. ஒரு ரெக்கார்டுக்குள்ள பழைய ஆளோட ஆசை இப்படி எழுதியிருக்கும்னு எனக்கு அன்னைக்குத்தான் தெரிஞ்சுச்சு.

"போடு கேப்போம்," அப்படின்னாரு. ஃபோனை ஸ்பீக்கர்கிட்ட வச்சேன். முதல் பக்கத்து மூணாவது பாட்டு, 'தி கிரேட் கர்வ்', இருக்கறதுலயே வேகமான பாட்டு, மூணு வெவ்வேற கோரஸ் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி வரும், ஆறரை நிமிஷம் கிட்ட ஓடும். மாமா டம்ளரைக் கீழ வச்சுட்டு தலையைக் குனிஞ்சு கேட்டுக்கிட்டு இருந்தாரு. ரெண்டு நிமிஷம் போச்சு. மூணு நிமிஷம் போச்சு.

"மாப்ள, இதுல நாயனக்காரன் எப்ப வருவான்?"

எனக்கு உடனே புரிஞ்சுச்சு. எங்க பக்கம் கோயில் கொடையில நையாண்டி மேளம் வைப்பாங்க. நாயனம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி தவில், பம்பை, உறுமி, தமுக்கு மட்டும் கூடும். ஒருத்தன் ஒரு அடி போடுவான், இன்னொருத்தன் அதுக்கு நடுவுல ஒரு அடி போடுவான், உறுமி கீழ இழுக்கும், கூட்டம் அப்படியே ஏறும், எல்லாரும் நாயனத்துக்குக் காத்துக்கிட்டு இருப்பாங்க. நாயனம் வந்ததும் மத்ததெல்லாம் அதுக்குப் பின்னாடி போயிடும். மாமா அதுக்குத்தான் காத்துக்கிட்டு இருந்தாரு.

"வர மாட்டாங்க மாமா. இதுல நாயனமே கிடையாது."

"பாடுறானே ஒருத்தன்?"

"அவரும் மேளம்தான் மாமா."

இந்த வார்த்தை என் வாயில இருந்து வந்ததுக்கப்புறம்தான் ஒரு வாரமா எனக்கு என்ன பிடிச்சிருந்துச்சுன்னு எனக்கே விளங்கிச்சு. இந்த ஆல்பத்துல யாரும் தன்னோட முறைக்குக் காத்துக்கிட்டு இல்ல. எல்லாரும் சின்னச் சின்ன அடி போட்டுக்கிட்டு இருக்காங்க, பாடுறவரு உள்பட, அந்த அடிக்குள்ள மத்தவங்களுக்கு இடம் விட்டுருக்காங்க. கிட்டார் சோலோ வருது, யானை பிளிறுற மாதிரி பெலூ வாசிக்கறாரு, அது வரும்போதுகூட கீழ ஓடுறது எதுவும் தலை குனியல, அது பாட்டுக்கு ஓடிக்கிட்டே இருக்கு. மாமா முழுப் பாட்டையும் கேட்டு முடிச்சுட்டு, "கொழாயில போட்டா இது வராது, அடிச் சத்தம் எல்லாம் போயிடும், பாக்ஸ்லதான் போடணும்" அப்படின்னாரு. அவர் வாயில இருந்து இதைவிட உசந்த பாராட்டு கிடையாது.

சோகம் என்னன்னா, இப்படிச் சேர்ந்து வாசிச்ச ஆளுங்களால அந்தச் சேர்க்கையைக் கவர்ல எழுத முடியல. பாட்டு எழுதினது யாருன்னு போடுறதுல எல்லார் பேரையும் அகர வரிசையில போடலாம்னு பேசியிருந்ததா மத்தவங்க நினைச்சிருந்தாங்க, அச்சாகி வந்தப்ப பைர்ன் பேரும் ஈனோ பேரும் முன்னால இருந்துச்சு, மனஸ்தாபம் ஆயிடுச்சு. டீனாவும் ஃபிரான்ட்ஸும் அடுத்த வருஷமே டாம் டாம் கிளப்னு தனியா ஒரு பேண்ட் வச்சு அதே காம்பஸ் பாய்ன்ட்ல ஒரு ஆல்பம் பண்ணாங்க. கவர் டிசைன்லயும் அவங்க ரெண்டு பேரோட உழைப்பு நிறைய. அமெரிக்காவுல எம்ஐடி-ங்கற தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துல பல அறையை அடைச்சுக்கிட்டு நின்ன கம்ப்யூட்டர்ல அந்த முகங்களுக்குச் சிவப்பு முகமூடி போட்டிருக்காங்க. பின் அட்டையில மலைக்கு மேல வரிசையா பறக்கற சிவப்புப் போர் விமானங்கள், டீனாவோட அப்பா அமெரிக்கக் கடற்படையில அட்மிரலா இருந்தவரு. டீனாவோட பேஸ் இல்லன்னா இந்த ஆல்பம் நிக்காது. அவங்க பேரைச் சொல்லாம பைர்ன் பேரை மட்டும் சொல்ற கட்டுரைகளைப் படிக்கும்போது எனக்குக் கோவம் வருது.

இந்த எட்டுப் பாட்டை நாலு பேரால மேடையில வாசிக்கவும் முடியல. அதனால ஆளைக் கூட்டினாங்க, ஃபங்கடெலிக்ங்கற பேண்ட்ல இருந்த பெர்னி வொரல் கீபோர்டு, ரெண்டாவது பேஸ் பஸ்டா ஜோன்ஸ், காங்கா ஸ்டீவ் ஸ்கேல்ஸ், பின்பாட்டுக்கு டோலெட் மெக்டொனால்ட், கிட்டாருக்கு பெலூ. 1980 ஆகஸ்ட்ல டொராண்டோ பக்கத்துல ஹீட்வேவ்னு ஒரு விழாவுல அந்தப் பெரிய கூட்டத்தோட முதல் தடவை மேடை ஏறினாங்க, ஆல்பம் அப்ப வெளிய வரவே இல்ல. அதே வருஷம் டிசம்பர்ல ரோம்ல வாசிச்சதோட வீடியோ யூடியூப்ல இருக்கு, கண்டிப்பா பாருங்க. யாரும் யாரையும் மறைக்காம ஒரு மேடை நிறைய ஆளுங்க, வேர்த்து ஊத்த, சிரிச்சுக்கிட்டே வாசிக்கறாங்க.

ரெண்டாவது பக்கத்துக்கு வர்றேன். பழைய ஆள் தொடாத பக்கம், அதனாலயே எனக்கு அது புதுசு, 40 வருஷத்துக்கு மேல ஆன ரெக்கார்ட்ல ஒரு கடுகு வெடிப்புகூட இல்லாம ஓடுது. ஒரு வேலை நாள் காலையில, அஞ்சரை மணிக்கு, ஹெட்ஃபோன்ல கேட்டேன். பாட்டுக்குப் பாட்டு வேகம் குறைஞ்சுக்கிட்டே போகும். 'ஹவுசஸ் இன் மோஷன்'ல ஜான் ஹாசலோட டிரம்பெட் வரும், அது டிரம்பெட்னு சொன்னாத்தான் தெரியும், தூரத்துல ஏதோ ஒரு பிராணி முனகற மாதிரி இருக்கும். அடுத்தது 'சீன் அண்ட் நாட் சீன்', பாட்டுகூட இல்ல, பைர்ன் சும்மா பேசுவாரு, ஒரு ஆள் தன்னோட முகத்தை மனசாலயே வருஷக்கணக்குல கொஞ்சம் கொஞ்சமா மாத்திக்கலாம்னு யோசிக்கறான். கவரைக் கையில வச்சுக்கிட்டு, அந்த மூடின நாலு முகத்தைப் பாத்துக்கிட்டே அதைக் கேட்டேன், முதுகுல சில்லுன்னு ஆச்சு.

அதுக்கடுத்தது 'லிசனிங் விண்ட்'. இந்த ஆல்பத்துல எனக்கு ரொம்பப் பிடிச்சது இதுதான். மோஜிக்னு ஒரு ஆள். அவன் ஊர்ல அமெரிக்கக்காரங்க வந்து வீடு கட்டிக் குடியிருக்காங்க, அவன் தபால்ல அவங்களுக்கு வெடிகுண்டு அனுப்பறான். பாட்டு அவனைத் திட்டல, புகழவும் இல்ல. அவன் காதுக்குள்ள நம்மளை உக்கார வைக்குது, காத்து அவன்கிட்ட என்ன பேசுதுன்னு கேக்க வைக்குது. மெட்டு தாலாட்டு மாதிரி அவ்வளவு மெதுவா இருக்கு, அதுதான் பயமே. 1980-ல, நியூயார்க்ல, ஒரு அமெரிக்க பேண்ட் இதைப் பாடியிருக்குங்கறதை என்னால சுலபமா கடந்து போக முடியல. இந்தப் பாட்டுல வெளியூர்க்காரங்கன்னா அமெரிக்கர்கள். நான் இந்த நாட்டுல 16 வருஷமா வெளியூர்க்காரன், ஃபார்ம்ல அந்தக் கட்டத்துல டிக் போட்டுப் போட்டுப் பழகினவன். ஒரு பாட்டு அந்தக் கட்டத்தைத் திருப்பி வச்சுக் காட்டும்போது நான் எந்தப் பக்கம் நின்னு கேக்கறேன்னு எனக்கே குழப்பமா இருந்துச்சு. குண்டு வைக்கறதை என்னால நியாயப்படுத்த முடியாது, பாட்டும் அதைக் கேக்கல. அந்த ஆளோட பேரைத் தெரிஞ்சுக்கோன்னு மட்டும் கேக்குது.

கடைசிப் பாட்டு 'தி ஓவர்லோட்' எனக்கு ஒரு மாசம் பிடிக்கல. ஆறு நிமிஷம், ஒரு பெரிய மெஷின் கரண்ட் போய் நிக்கற மாதிரி இழுத்துக்கிட்டே போகும். முதல் பக்கத்துல அவ்வளவு ஆடினவங்க ஏன் இங்க வந்து முடிக்கணும்னு இருந்துச்சு. இப்பவும் தனியா எடுத்துக் கேக்க மாட்டேன், ஆனா அந்தப் பக்கத்தை முதல்ல இருந்து கேட்டுட்டு வந்தா வேற எந்தப் பாட்டும் அந்த இடத்துல நிக்காதுன்னு தோணுது.

ஏஞ்சலிக் கிட்ஜோ கதையைச் சொல்லாம விட மனசு வரல. பெனின் நாட்டுப் பாடகி, அங்க இருந்த ஆட்சிக்குத் தப்பிச்சு 1983-ல பாரிஸுக்கு வந்தவங்க. அங்க ஒரு பார்ட்டியில 'ஒன்ஸ் இன் எ லைஃப்டைம்' ஓடுறதைக் கேட்டு இது ஆப்பிரிக்கப் பாட்டுதானேன்னு சொல்லியிருக்காங்க, இல்லம்மா இது ராக், வெள்ளைக்காரங்க பாட்டுன்னு மத்தவங்க சொன்னாங்களாம். 2018-ல அவங்க இந்த முழு ஆல்பத்தையும், எட்டுப் பாட்டையும், தன்னோட குரல்ல தன்னோட மேளத்தோட திரும்பப் பாடி வெளியிட்டாங்க. ஃபெலா குட்டியோட டிரம்மர் டோனி ஆலனே அதுல வாசிச்சிருக்காரு. கடன் வாங்கிப் போன தாளம் வீட்டுக்கு வந்து சேர்ந்திருக்கு. அந்த ஆல்பத்துல முகமூடி இல்ல, எல்லாம் வெளிச்சம். ரெண்டையும் ஒரே நாள்ல கேட்டுப் பாருங்க.

டிசம்பர்ல ஒரு நாள் நியூயார்க் போயிருந்தப்ப பௌரி தெருவுல 315-ம் நம்பரைத் தேடிப் போனேன். சிபிஜிபி 2006 அக்டோபர்லயே மூடியாச்சு. குளிர் எலும்புல இறங்குச்சு. எதிர் பிளாட்ஃபார்ம்ல பத்து நிமிஷம் நின்னுட்டு வந்துட்டேன்.

இந்த ஜூலையில ஊருக்குப் போறோம். ரெக்கார்டை லக்கேஜ்ல போட மாட்டேன், கையிலதான். ரெண்டு பக்கமும் கெட்டி அட்டை வச்சு, வேட்டியில சுத்தி, படுக்க வைக்காம நிமித்தி வச்சுக்கிட்டுப் போகணும், வெயில்ல நிக்கற கார்ல அஞ்சு நிமிஷம்கூட விடக்கூடாது, வளைஞ்சுடும். நேத்து காலையில மாமாகிட்ட இருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ். பிளேயருக்கு பெல்ட் மதுரையில கிடைச்சுடுச்சாம், முள்ளு மட்டும் பழசு, நீ வரும்போது ஒண்ணு வாங்கிட்டு வா மாப்ள, அந்த அஞ்சு பாட்டுப் பக்கத்தை இன்னும் எனக்குப் போட்டுக் காட்டல நீ.